அவசரம்: ஆப்பில் தேடினால் சில பில்கள் வருவதே இல்லை

பில்போடுபவன்:
வணக்கம். ஆபீஸுக்கு ஒரு பில் ஆப் செய்து கொடுத்தேன். கோடிங் தெரியாது, எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்ததுதான். இத்தனை நாள் நன்றாக ஓடியது. இப்போது தேடினால் சில பில்கள் வருவதில்லை. டேட்டா அழிந்துவிட்டதா? மேனேஜர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உடனே யாராவது சொல்லுங்கள்.

இரவுப்பறவை:
எதில் செய்தீர்கள்? பவர் ஆப்ஸா, ஆப்ஷீட்டா, ஜோஹோ கிரியேட்டரா? டேட்டா எங்கே இருக்கிறது? தேடும் இடத்தில் என்ன ஃபார்முலா? இது எதுவும் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

மேசைக்கணினி:
பெர்மிஷன் பிரச்சினை, சந்தேகமே இல்லை. வேறொருவர் லாகினில் திறந்து பாருங்கள்.

பில்போடுபவன்:
பவர் ஆப்ஸ். டேட்டா ஷேர்பாயிண்ட் லிஸ்டில் (மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் அட்டவணை) இருக்கிறது. எல்லார் லாகினிலும் இதே கதைதான். ஆனால் லிஸ்டை நேரடியாகத் திறந்தால் பில் அங்கே இருக்கிறது.

மேசைக்கணினி:
அப்படியென்றால் கேஷ், அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதி. பிரவுசர் கேஷை அழியுங்கள், சரியாகிவிடும்.

மூத்தவன்:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வந்துவிடுகிறார். தேடும் வேலையை டேட்டா இருக்கும் இடத்திலேயே செய்யவைப்பதுதான் டெலிகேஷன்; பவர் ஆப்ஸ் ஆவணத்தில் அதற்குத் தனிப் பக்கமே இருக்கிறது. ஃபார்முலா பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் நிற்குமே, அதை அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தீர்களா?

இரவுப்பறவை:
அவரை விடுங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். காணாமல் போவது பழைய பில்லா, புதியதா? லிஸ்டில் மொத்தம் எத்தனை வரி? ஃபார்முலாவை அப்படியே ஒட்டுங்கள்.

பில்போடுபவன்:
புதியதுதான் வருவதில்லை. ஏழாயிரத்துக்கு மேல் இருக்கும்.
ஃபில்டர்(பில்கள், தேடல்பெட்டி.டெக்ஸ்ட் இன் வாடிக்கையாளர்)
முக்கோணம் இருக்கிறது. ஆனால் ஆப் ஓடுகிறதே?

இரவுப்பறவை:
டேட்டா பத்திரமாக இருக்கிறது, பயப்படாதீர்கள். அந்த 'இன்' பெயரின் எந்த இடத்தில் சொல் இருந்தாலும் பிடிப்பது; அதை ஷேர்பாயிண்ட் தன் பக்கத்தில் செய்து தராது, அதாவது டெலிகேட் ஆகாது. அதனால் ஆப் முதல் 500 வரிகளை மட்டும் இறக்கி, அதற்குள் மட்டும் தேடுகிறது. முதல் 500 என்றால் பழைய பில்கள். லிஸ்ட் சின்னதாக இருந்தவரை எல்லாமே அதற்குள் அடங்கியது, உங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் குறையும்.

செட்டிங்ஸில் இந்த 500ஐ 2,000 வரை ஏற்றலாம், அதற்கு மேல் முடியாது. உங்கள் ஏழாயிரத்துக்கு அது போதாது. 'இன்' இருக்கும் இடத்தில், பெயரின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் ஸ்டார்ட்ஸ்வித் போடுங்கள்:
ஃபில்டர்(பில்கள், ஸ்டார்ட்ஸ்வித்(வாடிக்கையாளர், தேடல்பெட்டி.டெக்ஸ்ட்))
இது டெலிகேட் ஆகும். பெயரின் நடுவில் இருக்கும் சொல்லைத் தேட முடியாது, அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். லிஸ்ட் 5,000ஐத் தாண்டிவிட்டதால் வாடிக்கையாளர் நெடுவரிசைக்கு ஷேர்பாயிண்ட்டில் இண்டெக்ஸும் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டுவிடுங்கள்.

இனி எந்த ஆப் செய்தாலும், டெஸ்ட் செய்யும்போது அந்த 500ஐ 1 ஆக்கிப் பாருங்கள். டெலிகேட் ஆகாத இடமெல்லாம் ஒரே ஒரு வரியோடு பல்லைக் காட்டும்.

வலைக்காரன்:
எதற்கு இவ்வளவு? ஆப் திறக்கும்போதே ஐடி (வரியின் எண்) 1 முதல் 2,000, அடுத்து 2,001 முதல் 4,000 என்று துண்டு துண்டாக கலெக்ஷனில், அதாவது ஆப்பின் நினைவகத்தில் இருக்கும் அட்டவணையில், ஏற்றிவிட்டால் அப்புறம் எப்படி வேண்டுமானாலும் தேடலாம்.

இரவுப்பறவை:
ஷேர்பாயிண்ட்டின் ஐடி நெடுவரிசையில் சமக்குறி மட்டும்தான் டெலிகேட் ஆகும், பெரிது சிறிது ஒப்பீடு ஆகாது. தனியாக ஒரு எண் நெடுவரிசை வைத்தால் நடக்கும். ஏழாயிரம் வரியைப் போனில் ஏற்றினால் ஆப் திறப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார்.

மூத்தவன்:
இதற்குத்தான் சொல்கிறேன், இப்படி இழுத்துப் போட்டுச் செய்யும் லோ-கோடு தொழிலுக்கு ஆகாது. ஒழுங்காக டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

வலைக்காரன்:
எஸ்க்யூஎல் சர்வரை பவர் ஆப்ஸில் இணைக்க பிரீமியம் லைசென்ஸ் வேண்டும், மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு டேட்டாபேஸான டேட்டாவெர்ஸுக்கும் அதே கதை. பில் போடும் அத்தனை பேருக்கும் வாங்கித் தருவீர்களா?

மூத்தவன்:
லைசென்ஸைப் பற்றி யார் பேசினார்கள்? சொந்தமாக எழுதினால் லைசென்ஸ் எதற்கு? நேற்று வந்த ஃபேஷனுக்கு இத்தனை வக்காலத்து!

வலைக்காரன்:
நேற்று வந்ததா? லோ-கோடு என்ற பெயரை ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2014இல் புழக்கத்தில் விட்டது, அவ்வளவுதான். 1992லேயே மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸ் வந்துவிட்டது. அதில் ஃபார்ம் இழுத்துப் போட்டு எத்தனை ஆபீஸ் ஓடியது! நீங்கள் எழுதும் ஆப்பை, நீங்கள் வேலையை விட்டுப் போனபின் யார் பார்ப்பார்கள்?

மூத்தவன்:
அந்த ஆக்சஸ் கோப்புகளைச் சுத்தம் செய்து சம்பாதித்தவன் நான். என்னிடமே ஆக்சஸா?

மேசைக்கணினி:
கேஷை அழித்தாரா இல்லையா?

பில்போடுபவன்:
ஸ்டார்ட்ஸ்வித் போட்டேன், வருகிறது. நன்றி. மேலே மொத்த பில் எண்ணிக்கை மட்டும் எப்போதும் 500 என்றே காட்டுகிறது. அதுவும் இதுதானா?

இரவுப்பறவை:
அதேதான். ஷேர்பாயிண்ட்டில் வரிகளை எண்ணும் கவுண்ட்ரோஸும் டெலிகேட் ஆகாது, தொகை கூட்டும் சம்மும் ஆகாது. அந்தத் திரையில் மாத விற்பனைத் தொகையும் சம் வைத்துக் காட்டுகிறீர்களா? காட்டினால் அதுவும் அந்த 500க்குள் வந்த கூட்டல்தான். யாருக்காவது அனுப்பியிருந்தால் முதலில் லிஸ்டை எக்செல்லுக்கு எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

இரவுப்பறவை:
பில்போடுபவன், பார்த்தீர்களா?

மூத்தவன்:
அவர் வேலை முடிந்தது, போய்விட்டார். வலைக்காரன், டேட்டாவெர்ஸ் லைசென்ஸ் கணக்குக்கு வாருங்கள்.