அடை மூடிகளில் ஓட்டை: நோயா? (பெங்களூர்)

அல்சூர்மாடி:
வணக்கம். மொட்டைமாடியில் ஒரு பெட்டி இருக்கிறது, நம் அடுக்குத் தேனீதான். இன்று சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால், அடையின் கீழ் ஓரத்தில் சில அறைகளின் மெழுகு மூடிகள் மட்டும் கூம்பி நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. மற்ற மூடிகள் தட்டையாக, ஒழுங்காக இருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் தெற்கே பெட்டி பெட்டியாகக் காலி செய்த தாய்லாந்து சாக்புரூட் (தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய்) ஆக இருக்குமோ என்று பயம். அந்த அடையை வெட்டி எரித்துவிடவா?

மார்த்தாண்டம்பெட்டி:
வெட்டிடாதீங்க! கூம்பிய மூடி, நடுவில் ஒரே ஓட்டை என்றால் அது ஆண் தேனீ அறை. மேல் மெழுகை வேலைக்காரத் தேனீக்கள் சுரண்டி எடுத்துவிடும், உள்ளே புழு நெய்த கூட்டின் துளை அப்போது வெளியே தெரியும். இத்தாலியத் தேனீயில் இது கிடையாது. இத்தாலியத் தேனீ அடைப் படங்களோடு ஒப்பிட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

சாக்புரூட் என்றால் புழு அறைக்குள் நிமிர்ந்தபடி செத்துக் கிடக்கும், இடுக்கியால் தூக்கினால் நீர் கோத்த பையாக வரும். ஒரு மூடியைத் திறந்து பாருங்கள். பெரிய கண்ணோடு வெள்ளைக் கூட்டுப்புழு இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

எலகங்காதோட்டம்:
நோய் இல்லை, சரி. ஆனால் ஆண் அறை பெருகினால் கூட்டம் பிரியப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அடையின் அடி விளிம்பில் நிலக்கடலை போல ஏதாவது தொங்குகிறதா?

அல்சூர்மாடி:
திறந்தேன் அண்ணா, நீங்கள் சொன்ன அதே பெரிய கண்! அடியில் ராணி அறைகளும் தொங்குகின்றன, ஒன்றைத் தேனீக்கள் மூடியாகிவிட்டது.

மார்த்தாண்டம்பெட்டி:
அப்படியானால் தாமதிக்க வேண்டாம். மூடிய பிறகு நல்ல வெயில் அடிக்கும் எந்த நாளிலும் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். ராணி இருக்கும் சட்டத்தையும், மூடிய குஞ்சுகள் உள்ள இன்னொரு சட்டத்தையும் தேனீக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். அவற்றில் ராணி அறை ஒட்டியிருந்தால் கிள்ளிவிடுங்கள். வெளியே பறக்கும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும் என்பதால், புதுப் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வையுங்கள். பழைய பெட்டியில் அந்த மூடிய ராணி அறையை மட்டும் விடுங்கள், சுமார் ஒரு வாரத்தில் ராணி வரும். அது வெளியே பறந்துபோய் ஆண் தேனீக்களோடு இணைசேர்ந்து வந்து முட்டையிடும் வரை பெட்டியைக் குடையாதீர்கள்.

எலகங்காதோட்டம்:
ஆண் அறைகளையும் விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்துப் பொந்துகளில் பிறக்கும் ராணிகளுக்கும் அந்த ஆண்கள் வேண்டும். அப்புறம், புதுப் பெட்டியின் கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். பாகு வாசனைக்கு எறும்பு உடனே ஏறும்.