‘இஃப் ஐ வாஸ் யூ’ என்று சொன்னால் ஆங்கிலம் தெரியாதவனா?

முத்தியால்பேட்டைக்காரன்:
கடலூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ஒருவருடைய காணொலி நேற்று எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தது. ‘நான் உன் இடத்தில் இருந்தால் என்பதற்கு இஃப் ஐ வாஸ் யூ என்று எவனாவது பேசினால் அவனுக்கு ஆங்கிலமே தெரியாது, இஃப் ஐ வேர் யூ மட்டும்தான் சரி’ என்று பலகையைத் தட்டித் தட்டிச் சொல்கிறார். பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. நடக்காததைச் சொல்லும்போது ‘வாஸ்’ போடுவது ஆங்கிலத்தில் 300 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிற வழக்கம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாதா? தேர்வுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் ‘வேர்’ நல்லது என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பேசவே கூச்சப்படும் பிள்ளைகளிடம் போய் இப்படி மிரட்டினால் அதுகள் எப்படிப் பேசும்?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
காணொலியில் சொன்னது சரி. நடக்காததற்கும் நடக்க முடியாததற்கும் ‘வேர்’. ஐ வந்தாலும் ஹீ வந்தாலும் இட் வந்தாலும் ‘வேர்’. நான் நீங்களாக மாற முடியாது, அதனால் ‘இஃப் ஐ வேர் யூ’. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? அங்கே அப்படிப் பேசுகிறார்கள் என்பது வாதமே இல்லை. ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்றும் அங்கே பேசுகிறார்கள். அதையும் கரும்பலகையில் எழுதிப் போடலாமா? முத்தியால்பேட்டை நண்பருக்கு விதி என்றாலே ஆகாது. ‘பிரீபோன்’ (குறித்த நாளுக்கு முன்பே நடத்துவது) சரியான சொல்லா என்று முன்பு நடந்த சண்டையிலேயே அது தெரிந்தது.

முத்தியால்பேட்டைக்காரன்:
‘பிரீபோன்’ ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது என்று காட்டினேன். அப்புறம் காணாமல் போனது யார் சார்? அதை விடுங்கள், இப்போது இதற்குப் பதில் சொல்லுங்கள். ‘இஃப் ஐ நியூ ஹிஸ் நம்பர், ஐ வுட் கால் ஹிம்.’ அவன் எண் எனக்கு இப்போது தெரியாது, ஆனால் வாக்கியத்தில் ‘நியூ’ என்று இறந்தகாலம் நிற்கிறது. அந்த இறந்தகாலம் நேற்றைய கதையைச் சொல்ல வரவில்லை, இது உண்மை இல்லை என்று காட்ட வந்திருக்கிறது. ‘ஹேட்’, ‘வென்ட்’, ‘கேம்’ எல்லாமே இப்படித்தான், தனி வடிவம் எதற்கும் கிடையாது. ஆம், இஸ், வாஸ் எல்லாவற்றுக்கும் மூலமான ‘பி’ என்ற ஒரே ஒரு வினை மட்டும், அதுவும் ஐ, ஹீ, ஷீ, இட் வரும்போது மட்டும், பழைய வடிவம் ஒன்றை வைத்திருக்கிறது. 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் வழக்கமாக சப்ஜங்க்டிவ் என்று சொல்லும் இந்த ‘வேர்’ வடிவத்துக்கு ‘இர்ரியாலிஸ்’ (உண்மையல்லாததைக் காட்டுவது) என்று தனிப்பெயரே கொடுத்திருக்கிறார்கள். பேச்சு நடையில் அந்த இடத்தில் ‘வாஸ்’ வருவதையும் சொல்லியிருக்கிறார்கள். தவறு என்று சொல்லவில்லை.

சில்வர் பீச்:
சப்ஜங்க்டிவ் என்றால் என்ன என்று யாராவது முதலில் சொல்லிவிடுங்களேன். நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு எதையோ மனதில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறது.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அதெல்லாம் அப்புறம். கேள்வி ‘வேர்’ சரியா ‘வாஸ்’ சரியா என்பதுதான். ஒரே ஒரு வினையில்தான் மிச்சம் இருக்கிறது என்று நண்பரே சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பதையும் தொலைக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பழைய ஆங்கிலத்திலேயே நடந்ததற்கு ஒரு வடிவம், நடக்காததற்கு வேறு வடிவம் இருந்தது. ஆயிரம் ஆண்டு தாண்டி வந்த வேறுபாடு இது. பயனும் இருக்கிறது. ‘இஃப் ஹீ வாஸ் அட் ஹோம் எஸ்டர்டே, ஹீ மஸ்ட் ஹேவ் ஹெர்ட் தி நாய்ஸ்.’ நேற்று அவன் வீட்டில் இருந்திருக்கலாம், நமக்குத் தெரியாது. ‘இஃப் ஹீ வேர் அட் ஹோம், ஹீ வுட் ஓப்பன் தி டோர்.’ அவன் வீட்டில் இல்லை. ஒரு சொல் மாறுகிறது, பொருளே மாறுகிறது.

முத்தியால்பேட்டைக்காரன்:
பொருளை மாற்றுவது ‘வுட்’ சார், ‘வேர்’ இல்லை. ‘யூ’ வந்தால் என்ன செய்வீர்கள்? ‘இஃப் யூ வேர் அட் ஹோம்’ என்பது இரண்டுக்கும் ஒரே வடிவம்தானே? ‘தே’, ‘வீ’ இரண்டுக்கும் அதே கதை. அங்கே எல்லாம் யாரும் குழம்பவில்லை. ‘ஐ’ வரும்போது மட்டும் குழம்பிவிடுவார்களா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
‘யூ’ பற்றி நான் பேசவில்லை. ‘ஐ’ பற்றிப் பேசுகிறேன். ‘இஃப் ஐ வேர் யூ.’

பண்ருட்டி முந்திரி:
எதற்கு இவ்வளவு சுற்றிவளைப்பு? எங்கள் ஊர்க்காரனைக் கேட்டால் நடக்காதது என்றால் என்ன என்று ஒரே வரியில் சொல்வான். ‘இஃப் தானே வுட் நாட் ஹேவ் கம், அவர் ட்ரீஸ் வுட் ஹேவ் சர்வைவ்ட்.’ 2011 டிசம்பர் 30. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய ‘தானே’ புயல், விடிந்து பார்த்தால் முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்தன. இது எல்லாருக்கும் புரிகிறதா இல்லையா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
புரிகிறது, ஆனால் வாக்கியம் தவறு. ‘இஃப்’ இருக்கும் பாதியில் ‘வுட்’ வராது. ‘இஃப் தானே ஹேட் நாட் கம்’ என்று இருக்க வேண்டும். ‘இஃப்’ எடுத்துவிட்டு ‘ஹேட் தானே நாட் கம்’ என்றும் தொடங்கலாம். நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ‘வுட்’ போட்டுத்தான் மதிப்பெண்ணைத் தொலைக்கிறார்கள். புரிந்தால் போதும் என்று நண்பர் சொல்லிக் கொடுக்கும் பாடம் இங்கே கொண்டுபோய் விடும்.

பண்ருட்டி முந்திரி:
தோப்பு போனதைச் சொன்னேன், நீங்கள் ‘வுட்’ எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கன்றுகளைத் திரும்ப நட்டு எழுந்து வந்தவர்கள் நாங்கள். உங்களிடம் இலக்கணம் கேட்க வரவில்லை ஐயா.

துமா வீதி:
‘வுட்’ பற்றி வாத்தியார் சொன்னது சரி. பிரெஞ்சிலும் இதே விதிதான். ‘லே சி நெம் பா லே ரே’ என்று பள்ளியில் பாடமாகவே சொல்வார்கள், அதாவது ‘சி’ (இஃப்) இருக்கும் பாதியில், ‘வுட்’ போன்ற ‘ரே’ முடிவு வரக்கூடாது. ஆனால் ‘வேர்’ விஷயத்தில் முத்தியால்பேட்டை பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ‘நான் பணக்காரனாக இருந்தால்’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘சி ழெத்தே ரிஷ்’. அந்த ‘எத்தே’ சாதாரண இறந்தகாலம். சப்ஜங்க்டிவுக்கு சப்ஜோன்க்திஃப் என்று பெரிய அட்டவணையே வைத்திருக்கிற மொழி, இந்த இடத்தில் அதைத் தொடுவதே இல்லை. அதனால் பிரெஞ்சு கெட்டுப்போய்விட்டதா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புதுச்சேரிக்காரர்கள் எங்கே போனாலும் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது ஆங்கிலேயர் தலைமையிடம் எங்கே வந்தது? எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு. கிளைவ் அந்தக் கோட்டைக்கு ஆளுநராக இருந்தவர். உங்கள் பக்கம் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே இங்கே ஆங்கிலம் நடமாடியது.

துமா வீதி:
அந்தக் கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தாரே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1754இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயைத் திருப்பி அழைக்காமல் இருந்திருந்தால் நீங்கள் இன்று ‘சி ழெத்தே’ என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
1761இல் புதுச்சேரி யாரிடம் சரணடைந்தது?

சில்வர் பீச்:
இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் பயணம்கூட இல்லை. கோட்டையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வாருங்கள்.

பிளஸ் டூ மாணவி:
சார், வணக்கம். எங்களுக்கு கண்டிஷனல் கிளாஸ் (நிபந்தனை வாக்கியம்) கேள்வி வரும். ‘வேர்’ எழுதுவதா ‘வாஸ்’ எழுதுவதா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
‘வேர்’ எழுதம்மா. யார் என்ன சொன்னாலும் ‘வேர்’.

முத்தியால்பேட்டைக்காரன்:
தேர்வில் ‘வேர்’ எழுதும்மா, நானும் அதைத்தான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் ‘இஃப்’ பார்த்த இடமெல்லாம் ‘வேர்’ என்று மனப்பாடம் செய்துவிடாதே. நேற்று நான் கடுமையாகப் பேசியிருக்கலாம், பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். அங்கே ‘இஃப் ஐ வாஸ் ரூட் எஸ்டர்டே, ஐ அம் சாரி’. இங்கே ‘வேர்’ போட்டால் அதுதான் தவறு, ஏனென்றால் அது நடந்திருக்கக்கூடியது. ‘ஹீ ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ரெடி’ என்பதில் வரும் ‘இஃப்’ நிபந்தனையே இல்லை, அங்கும் ‘வாஸ்’. அந்தக் காணொலியைப் பார்த்த பிள்ளைகள் இந்த இரண்டு இடத்திலும் ‘வேர்’ போட்டுவிட்டு வந்து நிற்கும். என் கோபம் அதனால்தான்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
ஆக, தேர்வில் ‘வேர்’ என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:
எதை ஒப்புக்கொண்டேன்? ‘வேர்’ தவறு என்று நான் எங்கே சொன்னேன்? ‘வாஸ்’ சொன்னவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைத்தான் மறுக்கிறேன். இஃப் ஐ வாஸ் ரூட் எஸ்டர்டே பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போகிறீர்களே, அதற்குப் பதில் எங்கே?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அது வேறு வகை. அது நடக்காதது இல்லை. நான் நடக்காததைப் பேசிக்கொண்டிருக்கிறேன். ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் ‘வேர்’ கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார், ‘வாஸ்’ கேட்டால் முகம் சுளிப்பார். நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஒரு முறைதான் கிடைக்கும். அப்பா அம்மா ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை ‘வாஸ்’ என்றால் அது பேச்சுவழக்கு என்று விட்டுவிடுவார்கள். மீனவக் குப்பத்துப் பிள்ளை அதையே சொன்னால் படிக்கவில்லை என்பார்கள். அதனால்தான் நான் விடமாட்டேன்.

முத்தியால்பேட்டைக்காரன்:
அப்படி முகம் சுளிப்பவனைத்தானே சார் திருத்த வேண்டும்? அந்தக் காணொலிக்காரர் வேலையே அந்தச் சுளிப்பை வளர்ப்பதுதான். நீங்கள் அவருக்குத் துணை போகிறீர்கள்.

துமா வீதி:
1761க்குப் பிறகு புதுச்சேரி திரும்பவும் பிரெஞ்சுக்காரரிடம் வந்துவிட்டது. வாத்தியார் பாதி வரலாற்றோடு நிறுத்திவிட்டார்.

பண்ருட்டி முந்திரி:
என் வாக்கியத்தைத் திருத்தியவர், புரிந்ததா என்று நான் கேட்டதற்குப் புரிகிறது என்றுதான் முதல் வார்த்தை எழுதினார். நான் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
யாருக்கும் துணை போகவில்லை. ‘வேர்’ சரி என்று நான் சொல்கிறேன், தவறில்லை என்று அவரும் சொல்கிறார். பிறகு எதற்கு இத்தனை பதிவு? ‘இஃப் ஐ வேர் யூ.’ நாளை கேட்டாலும் இதே பதில்தான். ‘பிரீபோன்’ சண்டைக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. யாரும் காணாமல் போகவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், நண்பர் தவறாமல் வரட்டும். டூப்ளேயைப் பற்றிப் பேச ஆசை உள்ளவர்களும் அங்கேயே வரலாம்.