டைட்டஸ் ஓட்ஸின் பொய்: பழி அச்சகத்துக்கா?

வைகைக்கரை:
1678இல் லண்டனில் டைட்டஸ் ஓட்ஸ் என்பவர், மன்னர் இரண்டாம் சார்லஸைக் கொல்ல இயேசு சபையினர் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சதி செய்வதாகக் கதை கட்டினார். முழுப் பொய். அதனால் எத்தனையோ உயிர் போனது. என்னைக் கேட்டால் அச்சகம்தான் குற்றவாளி. 1679 நடுவில், அனுமதி இல்லாமல் அச்சிடுவதைத் தடுத்த அச்சு உரிமச் சட்டம் காலாவதியானதும் துண்டுப் பிரசுரங்கள் கொட்டின. சீட்டுக்கட்டைக்கூட விடவில்லை. ஓட்ஸ் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்த மாஜிஸ்திரேட் கோட்ஃப்ரே மர்மமாக இறந்தார் அல்லவா, அவர் கழுத்தை நெரிப்பது ஒரு சீட்டில். பிணத்தைக் குதிரையில் ஏற்றி ப்ரிம்ரோஸ் குன்றுக்குக் கொண்டுபோவது இன்னொன்றில். படிக்கத் தெரியாதவர் கையிலும் சதிக்கதை!

அச்சுமை:
சீட்டுக்கட்டு உண்மைதான். ஆனால் தேதியைப் பாருங்கள் நண்பரே. ஓட்ஸ் குற்றம் சாட்டிய கத்தோலிக்கரான கோல்மனைக் கொன்றது 1678 டிசம்பர். கோட்ஃப்ரே கொலைக்காக கிரீன், பெர்ரி, ஹில் என்ற மூன்று நிரபராதிகளைத் தூக்கில் போட்டது 1679 பிப்ரவரி. அப்போது உரிமச் சட்டம் அமலில்தான் இருந்தது. ஓட்ஸின் கதையைப் புத்தகமாக அச்சிட உத்தரவிட்டதே பிரபுக்கள் சபை! கோல்மன் பிரெஞ்சு மன்னரின் பாதிரியாருக்கு எழுதிய நிஜக் கடிதங்கள் வேறு சிக்கின. அதிகாரத்தில் இருந்தவர்கள் முத்திரை குத்திய பொய் இது. கூலிக்கு அச்சுக் கோத்தவரைப் பிடித்து என்ன பயன்?

தாமரைக்குளம்:
அச்சே இல்லாமலும் இது நடந்தது. 1666இல் லண்டனை எரித்த பெருந்தீயை வைத்ததாக ஹ்யூபர்ட் என்ற பிரெஞ்சுக்காரரைத் தூக்கிலிட்டார்கள். தீப்பிடித்த பிறகுதான் அவர் லண்டனுக்கே வந்தார். அப்புறம் 1681இல், கத்தோலிக்கர்களே தீ வைத்தார்கள் என்று அந்தத் தீயின் நினைவுத்தூணில் செதுக்கினார்கள். அந்த வரிகளைக் கடைசியாக அழித்தது 1830இல். கல்லுக்கு எந்த உரிமச் சட்டம்?

வைகைக்கரை:
கோல்மன், அந்த மூவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே சதிக்கதையில் சிக்கிய கத்தோலிக்கரான ஸ்டாஃபோர்ட் பிரபுவின் தலையை வெட்டியது 1680 டிசம்பரில். அயர்லாந்தின் கத்தோலிக்கப் பேராயர் பிளங்கெட்டைக் கொன்றது 1681 ஜூலையில். அச்சகம் இரண்டு வருடமாக வாராவாரம் தீனி போட்டிருக்காவிட்டால் அந்தக் கதை அதுவரை உயிரோடு இருந்திருக்காது.

அச்சுமை:
அந்தக் கதையைக் கிழித்ததும் அச்சுதானே! 1681 ஏப்ரலில் மன்னர் பக்க எழுத்தாளரான லெஸ்ட்ரேஞ்ச் ‘அப்சர்வேட்டர்’ தாளைத் தொடங்கி ஓட்ஸைத் தாக்கினார்.

வைகைக்கரை:
ஆமாம், பிளங்கெட்டைக் காப்பாற்ற அது போதவில்லை.