டூனாவில் லேண்டர் சாயாமல் இறங்குவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் கேமின் முதல் பாகத்தை மோட் (கூடுதல் மாற்றங்கள்) எதுவும் இல்லாமல் ஆடுகிறேன். டூனா கிரகம் சுற்றுப்பாதையில் சுமார் 44 டிகிரி முன்னால் இருக்கும்போது, நம் சொந்த கிரகமான கெர்பினிலிருந்து கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். டூனாவின் நிலவான ஐக்கின் ஈர்ப்பில் மாட்டாமல் இருக்க வேண்டும், அது எப்போதும் குறுக்கே வந்து நிற்கிறது!

சிக்கல் இறங்கும்போதுதான். டூனாவின் காற்றுமண்டலம் 50 கிலோமீட்டர் உயரம் வரை இருந்தாலும் ரொம்ப மெலிசு. பாராசூட் முழுசாக விரிந்த பிறகும் வேகம் போதுமான அளவு குறைவதில்லை. தரையைத் தொட்டதும் லேண்டர் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மூன்று பேர் கேபின், கீழே ஒரு டெரியர் எஞ்சின், நாலு கால், அவ்வளவுதான்.

கடைசியில் எந்த உயரத்தில் எஞ்சினைப் போடுவீர்கள்? டிரோக் பாராசூட்டும் (அதிக வேகத்திலேயே முதலில் விரியும் சின்ன பாராசூட்) சேர்க்கணுமா? அப்புறம், திரும்பச் சுற்றுப்பாதைக்கு ஏறவே நொடிக்குச் சுமார் 1450 மீட்டர் டெல்டா-வி (எரிபொருளால் கிடைக்கும் மொத்த வேக மாற்றம்) தேவை. அந்த எரிபொருளில் கை வைக்காத வழியாகச் சொல்லுங்கள்.