முழுப் பாரத்தோடு மலையேறினால் எஞ்சின் சூடாகிறது, அடுத்து எதைப் பார்ப்பது?

பின்சக்கர இழுவை, ஏழு இருக்கை, டீசல், பத்து வருட வண்டி. எல்லா இருக்கையும் நிறைந்து, கூரை கேரியரிலும் சுமை. சமதளத்தில் எண்பதில் போனாலும் வெப்பமுள் நடுவிலேயே நிற்கிறது. ஏசியோடு இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறினால்தான் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. ஏசியை அணைத்தால் மெல்ல இறங்கும். போன மாதம் தொடங்கியது.

தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, கூலன்ட் மூன்றும் புதிது, காற்றும் வெளியேற்றியாயிற்று. ரேடியேட்டர், ஏசியின் கண்டன்சர் இரண்டையும் வெளியே கழுவியும் பலனில்லை. கூலன்ட் குறையவில்லை, ஆயிலில் பால் நிறமில்லை, வெள்ளைப் புகையில்லை. அதனால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) மேல் சந்தேகம் குறைவு. சூட்டோடு எஞ்சினை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றினால், பிடிப்பே இல்லாமல் லேசாகச் சுழல்கிறது.

அடுத்த வாரம் பாட்டி, கைக்குழந்தை உட்பட எல்லோரும் கிளம்புகிறோம். அவர்களை ஏசியில்லாமல் கூட்டிப்போக மனமில்லை.

முதலில் விசிறியின் விஸ்கஸ் கிளட்சை (சூடேறினால் விசிறியைப் பிடித்து வேகமாகச் சுழற்றும் இணைப்பு) மாற்றுவதா, ரேடியேட்டரைக் கழற்றி உள்ளடைப்பைப் பார்ப்பதா?