ஸ்மார்ட் போர்டுக்குப் பதில் ஊசியும் கம்பியும்

மஸ்கட் அண்ணாச்சிக்கும் மற்ற சொந்தங்களுக்கும் வணக்கம்.

கோயில் கொடைச் செலவு போக மிச்சமிருக்கும் ஊர்ச் சங்கப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு ஸ்மார்ட் போர்டு என்கிறீர்கள். எனக்கு அதில் மனசு இல்லை. பிள்ளைகள் படம் பார்க்க ஒரு போர்டு போதும். திருநெல்வேலி கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கும் கூட்டிப் போகிறார்கள், சரி. ஆனால் எதையும் ஒடித்துப் பார்க்க வழியில்லையே! அந்தப் பணத்தில் சோதனைச் சாமான்கள் வாங்கலாம் என்பது என் யோசனை.

தையல் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியபடியே வளைத்தால் பட்டென்று ஒடியும். சிவக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் சொன்னபடி வளையும். திரும்பச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் தொட்டாலே ஒடிகிற மாதிரி ஆகிவிடும். அதை உப்புத்தாளில் தேய்த்து, சுடருக்குச் சற்று மேலே பிடித்து வாட்டினால் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் ஏறும். நீலத்தில், அதாவது ஏறத்தாழ 300 டிகிரியில் நிறுத்தினால் ஸ்பிரிங் குணம் வந்துவிடும். நம் பக்கத்துப் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதும் இதே வேலைதான். இரும்பும் அதிலுள்ள கரியும் அளவில் மாறுவதில்லை, உள்ளே அடுக்கியிருக்கும் விதம்தான் மாறுகிறது. செலவு ஒரு பாக்கெட் ஊசி. டீச்சர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, குறடில் பிடித்துச் செய்ய வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரும்புக் கம்பிச் சோதனை. இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவே இழுத்துக் கட்டி, மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்ற வேண்டும். விரிந்து தொய்ந்துகொண்டே வரும். 912 டிகிரியைத் தாண்டும்போது சட்டென்று சுருங்கி மேலே ஏறும்! சூடு கூடினால் விரியும் என்று படித்த பிள்ளைகள் முழிப்பார்கள். அந்தச் சூட்டில் அணுக்கள் இன்னும் நெருக்கமான அடுக்குக்கு மாறுவதுதான் காரணம். ஆறும்போது அதே இடத்தில் ஒரு குதி கீழே இறங்கும். 1869-ல் ஜார்ஜ் கோர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கவனித்த விஷயம் இது.

மூன்றாவது சோதனைக்குக் கொஞ்சம் தடித்த செப்புக் குழாயும், நியோடிமியம் என்கிற வலுவான காந்தம் ஒன்றும் வேண்டும். செம்பு காந்தத்தில் ஒட்டாது என்று முதலில் காட்டிவிட்டு, காந்தத்தைக் குழாய்க்குள் போட்டால் எண்ணெய்க்குள் இறங்குவதுபோல மெதுவாக வரும். விழும் காந்தம் செம்பில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டம் காந்தத்தைத் தடுக்கிறது.

இந்த மூன்றிலும் செலவு பிடிப்பது இரும்புக் கம்பியைச் சூடேற்றுகிற டிரான்ஸ்பார்மர் மட்டும். வோல்ட் குறைவாகவும் ஆம்பியர் அதிகமாகவும் தருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். நேரே வீட்டுக் கரண்டில் கம்பியை மாட்டுகிற யோசனை யாருக்கும் வேண்டாம். அண்ணாச்சி சரி என்றால் அறிவியல் டீச்சரிடம் பேசி, வாங்க வேண்டிய பட்டியலை இந்த வாரமே அனுப்புகிறேன்.