கேஸ் ஏற்றியும் ஏசி குளிரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மண்டபத்தில் இருக்கிறேன், 2014 மாடல் டீசல் கார். ஏப்ரலில் ஏசிக்கு ஆர்134ஏ கேஸ் ஏற்றினேன். இரண்டே மாதத்தில் மறுபடி வெறும் காற்றுதான். பாம்பன் பாலத்தில் ஓடும்போது லேசாகக் குளிரும், நின்றால் அனல். சரி, ஃபேன் கோளாறோ என்று பார்த்தேன், நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் கீழ் ஓரத்தில் தகடுகள் உப்புக் காற்றில் பொடிந்துபோய், ஓரிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது. கசிவு அங்கேதான் என்று எனக்குப் படுகிறது. மெக்கானிக்கோ சோதிக்காமலே கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறார். மனம் ஒப்பவில்லை.

நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்க்கும் கடை ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ இருக்கிறதா? அப்புறம், கண்டென்சரை மாற்றினால் கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் சேர்த்தே மாற்றிவிடலாமா? அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். வெயிலில் துவண்டுவிடுகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.